ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு, கிளினிக் கொடுத்ததோ ஆன்டிபயாடிக்: தவறு எங்கே, யாரிடம் கேட்பது?

கேள்வியின் சாரம் இது. சிங்கப்பூர் தெம்பனீஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஐந்து வயது, கருத்தடை செய்த ஆண் பூனை, 5.2 கிலோ. செவ்வாய்க்கிழமை பகலிலிருந்து மணல் தட்டுக்குப் போவதும் முக்குவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தது. மாலை 6.40க்கு வழக்கமாகப் போகும் கிளினிக். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சிறுநீர்த் தொற்று என்றார்கள். ஓர் ஊசி, ஏழு நாளுக்கு ஆன்டிபயாடிக், பில் 186 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). புதன் காலை 9.15க்குத் தொலைபேசியில் அழைத்து "ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகலை" என்று சொன்னதற்கு, முகப்பில் இருந்தவர் "மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு நாளாகும், பொறுங்க" என்றார். அன்று இரவு 11 மணிக்கு வாந்தி, உடல் சில்லிட்டுப்போனது. 24 மணி நேர விலங்கு மருத்துவமனையில் முழு அடைப்பு என்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 8.4. சிறுநீரை வடிக்கச் செலுத்தும் குழாயான கதீட்டர், மூன்று இரவு, 4,320 வெள்ளி. பூனை பிழைத்துவிட்டது. முதல் கிளினிக்கோ "நாங்கள் பார்த்தபோது அடைப்பு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. இது கவனக்குறைவா, பணம் திரும்பக் கிடைக்குமா, எங்கே புகார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செவ்வாய் மாலை அந்த மருத்துவர் தவறு செய்தாரா என்பதை உங்கள் கையிலுள்ள தாள்களை வைத்துச் சொல்ல முடியாது. கிளினிக்கின் நோய்க்குறிப்பு வேண்டும். புதன் காலை நடந்த தொலைபேசிப் பேச்சு அப்படியல்ல. நீங்கள் எழுதியபடியே அது நடந்திருந்தால், நோய்க்குறிப்பைப் பார்க்காமலே தவறு என்று சொல்லலாம். உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, தொற்று என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்ததைப் பற்றியே இருக்கிறது. தொலைபேசி பற்றி இரண்டே வரி. புகாரை எழுதும்போது இதைத் தலைகீழாக மாற்றுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

ஆண் பூனையின் சிறுநீர் வெளிவரும் குழாய் நுனிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டத்துக்குக் குறுகிவிடும். சளி போன்ற புரதமும் உதிர்ந்த செல்களும் படிகங்களும் சேர்ந்து திரண்ட ஒரு சிறு அடைப்பான் போதும், அல்லது ஒரு மணல் அளவுக் கல் போதும். சில பூனைகளில் கல்லும் இருக்காது, திரளும் இருக்காது. வீக்கமும் தசை இறுக்கமும் மட்டுமே வழியை மூடிவிடும். முழுதாக மூடியதும் சிறுநீர்ப்பை உப்பும், அழுத்தம் சிறுநீரகத்துக்குத் திரும்பும், வடிகட்டுவது நின்றுபோகும். யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், அமிலம் எல்லாம் ரத்தத்தில் தேங்கும். ஏறத்தாழ ஒரு நாளில் ரத்த அளவுகள் மாறத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான், இதயத் துடிப்பையே அது நிறுத்திவிடும்.

இங்கேதான் சிக்கல். அடைப்பு இல்லாத சிறுநீர்ப்பை அழற்சியிலும் பூனை இதே மாதிரிதான் முக்கும், கத்தும், பின்பக்கத்தை நக்கும், தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். (வீட்டில் பலரும் இதை மலச்சிக்கல் என்று நினைத்துப் பூசணிக்காய் ஊட்டிக்கொண்டிருப்பார்கள்.) வேறுபடுத்த எளிய வழி ஒன்றுதான்: வயிற்றின் பின்பகுதியைக் கையால் அழுத்திப் பார்ப்பது. அழற்சி மட்டும் என்றால் சிறுநீர்ப்பை காலியாக, கொட்டைப்பாக்கு அளவில் சுருங்கிக் கிடக்கும். அடைப்பு என்றால் எலுமிச்சையிலிருந்து சிறிய ஆரஞ்சு அளவுக்கு, கல்போல் விறைத்து நிற்கும். மெல்ல அழுத்தினாலும் சொட்டு வராது, பூனை வலியில் சீறும். பழகிய கைக்கு அரை நிமிட வேலை. இயந்திரம் தேவையில்லை. பூனை ரொம்பப் பருமனாக இருந்தாலோ தொடவே விடாமல் போராடினாலோ ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிடம்.

ஆகவே செவ்வாய் மாலைச் சோதனை சரியா தவறா என்பது ஒரே வரியில் நிற்கிறது: சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்த்தார்களா, பார்த்ததை எழுதினார்களா? நோய்க்குறிப்பில் "பிளாடர் ஸ்மால், சாஃப்ட்" (சிறுநீர்ப்பை சிறியது, மென்மையானது) என்று இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செவ்வாய் மாலை திறந்திருந்த வழி அன்று நள்ளிரவில் அடைபடுவது உண்மையில் நடப்பதுதான். "பிளாடர் ஃபுல், ஃபர்ம்" (நிரம்பியது, விறைத்தது) என்று எழுதிவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதற்குச் சமாதானம் சொல்லவே முடியாது. மூன்றாவதாக, சிறுநீர்ப்பை பற்றி எதுவுமே எழுதப்படாமல் எடை, வெப்பநிலை, மருந்துப் பெயர் மட்டும் இருக்கலாம். முக்கும் ஆண் பூனையின் குறிப்பில் சிறுநீர்ப்பையின் அளவு இல்லாதது ஒரு குறைதான். தொட்டுப் பார்த்தும் எழுத மறந்திருக்கலாம் என்றாலும், அதை நிரூபிக்க வேண்டிய சங்கடம் இப்போது அவர்கள் பக்கம்.

பொட்டாசியம் 8.4 என்பதை வைத்தே செவ்வாய் மாலை அடைப்பு இருந்தது என்று நிரூபிக்கலாம் என நினைக்கிறீர்கள். அது அவ்வளவு தூரம் இழுக்காது. பூனைக்கு இயல்பான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.5 மில்லிமோல். 8.4 என்பது இதயத் துடிப்பு மந்தமாகி இசிஜியில் (இதயத் துடிப்பின் மின்பதிவில்) அலைகள் உருமாறக்கூடிய அளவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் இந்த உயரத்துக்குப் போகாது. பல மணி நேரம், பெரும்பாலும் ஒரு நாள் அளவு தேங்கியிருக்க வேண்டும். ஆனால் செவ்வாய் 6.40க்கும் புதன் இரவு 11 மணிக்கும் இடையே 28 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கிளினிக்கை விட்டு வெளியே வந்த பிறகு அடைபட்டிருந்தாலும் கணக்கு ஒத்துப்போகும். அந்த எண் உறுதியாகச் சொல்வது வேறொன்று: புதன் காலை 9.15க்கு நீங்கள் அழைத்தபோது அடைப்பு அநேகமாக இருந்திருக்கும் என்பதை. அந்த நேரத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தால் பூனைக்குச் சுமார் 14 மணி நேரம் மிச்சம்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் உங்கள் எரிச்சல் புரிகிறது. இளம், நடுவயதுப் பூனைகளில் பாக்டீரியா தொற்றால் இப்படி முக்குவது அரிது. பெரும்பாலானவை காரணம் பிடிபடாத அழற்சி, மன அழுத்தத்தோடு தொடர்புடையது. துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வகைப் பூனைகளுக்குச் சிறுநீரைச் சோதிக்காமல் ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்துக்கு எதிரானதுதான். ஆனாலும் அந்த மாத்திரை உங்கள் பூனைக்குக் கேடு செய்யவில்லை. உதவவும் இல்லை, அவ்வளவுதான். கேடு செய்தது தாமதம். மாத்திரையை முன்னால் நிறுத்தினால் கிளினிக் அதைப் பற்றியே இரண்டு பக்கம் பதில் எழுதித் தப்பித்துக்கொள்ளும்.

ஊசி என்ன என்பதை மட்டும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலி நிவாரண ஊசி கொடுத்திருந்தால் நல்லதே. ஆனால் அது மெலோக்சிகாம் என்ற அழற்சி குறைக்கும் வலி நிவாரணி வகையாக இருந்தால், நீர்ச்சத்து குறைந்த அல்லது அடைபட்ட பூனையின் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. அமெரிக்காவில் பூனைகளுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கு எதிராகச் சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் என்ற எச்சரிக்கை மருந்தின் மேலேயே அச்சிடப்படுகிறது. ஒரே ஊசியால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் இனி வரும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தத் தொலைபேசி. ஆண் பூனை, முக்குகிறது, 12 மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுநீர் இல்லை என்ற மூன்று செய்தியும் சேர்ந்து வந்தால் "உடனே கொண்டுவாங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. விலங்கு மருத்துவத்தில் கருத்துவேறுபாடு இல்லாத ஒருசில விஷயங்களில் இதுவும் ஒன்று. முகப்பில் இருப்பவர் மருத்துவர் அல்ல, அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் எந்த அழைப்பை உள்ளே இருக்கும் மருத்துவருக்கோ தாதிக்கோ மாற்றிவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தருவது கிளினிக்கின் பொறுப்பு. இதோடு சேர்ந்தது, செவ்வாய் மாலை உங்களை அனுப்பும்போது "இத்தனை மணிக்குள் சிறுநீர் போகவில்லை என்றால் திரும்ப வாங்க" என்று யாரும் சொல்லாதது. சிறுநீர்ப்பை காலியாகவே இருந்திருந்தாலும் அந்த எச்சரிக்கை கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். அடைப்பு இல்லை என்ற அவர்களுடைய வாதம் எவ்வளவு உண்மையோ, எச்சரிக்கை கொடுக்காத குறை அவ்வளவு பெரிதாகும். அவர்களே சொல்லும் கதையில்கூட அவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் புகாரை இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

அழைத்தது உண்மை என்று காட்ட உங்கள் கைப்பேசியில் அழைப்புப் பட்டியல் இருக்கும், இன்றே படம் எடுத்து வையுங்கள். எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதும் அதில் வரும். பேசியவுடன் கணவருக்கோ தங்கைக்கோ "இப்படிச் சொல்றாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அது நல்ல சான்று. நடந்தபோதே எழுதப்பட்ட இரண்டு வரி, பிறகு நினைவிலிருந்து எழுதும் இரண்டு பக்கத்தைவிட நம்பப்படும்.

நோய்க்குறிப்பைக் கேட்கும் முறை இது. கோபக் கடிதத்துக்கு முன்னால், தனியாக, அமைதியாக, மின்னஞ்சலில் கேளுங்கள். "மேல்சிகிச்சைக்காக எங்கள் பூனையின் முழு நோய்க்குறிப்பு வேண்டும்" என்றால் போதும், அது உண்மையும்கூட. முழு என்பதில் என்னென்ன அடங்கும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: செவ்வாய்க்கிழமைச் சோதனைக் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும், ஆய்வு ஏதும் செய்திருந்தால் முடிவுகள், தொலைபேசி அழைப்புகள் பற்றிய பதிவு. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. பல கிளினிக்குகளின் மென்பொருளில் வாடிக்கையாளர் அழைத்தால் ஒரு வரி பதிவு செய்வார்கள், புதன் 9.15க்கு எதுவும் இல்லை என்றால் அதுவும் ஒரு செய்தி. தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். அது உங்களைப் பற்றிய தரவுக்கான சட்டம், பூனையின் சிறுநீர்ப்பை அதில் வராது என்று அவர்கள் வாதிடலாம். ஐந்து வேலை நாளில் வரவில்லை என்றால் 24 மணி நேர மருத்துவமனையின் மருத்துவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அந்த இரண்டாவது மருத்துவமனையிடமிருந்தும் எல்லாவற்றையும் வாங்குங்கள். முதல் சோதனைக் குறிப்பில் இதயத் துடிப்பு, உடல் வெப்பம், சிறுநீர்ப்பையின் அளவு இருக்கும்; எவ்வளவு சிறுநீர் வடிந்தது, அடைத்திருந்தது என்ன என்றும் இருக்கும். எக்ஸ்ரே எடுத்திருந்தால் படத்தையே கேளுங்கள், அறிக்கையை மட்டும் அல்ல. சிறுநீர்க் குழாயின் நுனிவரை படத்தில் வந்திருக்கிறதா என்று அடுத்த மருத்துவர் பார்க்க விரும்புவார், நுனியில் நின்ற கல் வயிற்றை மட்டும் எடுத்த படத்தில் தெரியாது. முதல் கிளினிக்கைக் குறைசொல்லி ஒரு கடிதம் தரும்படி அவர்களைக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். "முழு அடைப்புடன் வந்தது, இந்த அளவுகள் இருந்தன, இத்தனை மணி நேரமாக அடைபட்டிருக்கக்கூடும்" என்று மருத்துவ உண்மையை மட்டும் எழுதித்தரச் சொன்னால் பலர் தருவார்கள்.

பூனை இறந்துபோயிருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன். படிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம். காரணம் தெரிய வேண்டுமென்றால் உடற்கூறாய்வு கேட்க வேண்டும், அதுவும் உடனே. நம்மூர் வெயிலில் சில மணி நேரத்திலேயே திசுக்கள் கெடத் தொடங்கிவிடும். உடலைக் குளிர்பதனத்தில், சுமார் 4 டிகிரியில் வைக்க வேண்டும். உறைய வைத்தால் பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். தகனம் முடிந்துவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

குறிப்புகள் கைக்கு வந்த பிறகு கிளினிக்கின் தலைமை மருத்துவருக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள். நேரவாரியாக நடந்தது, பிறகு இரண்டே கேள்வி: செவ்வாய் மாலை சிறுநீர்ப்பையின் அளவு என்ன, எங்கே எழுதப்பட்டிருக்கிறது? புதன் 9.15 அழைப்பு ஏன் மருத்துவருக்குப் போகவில்லை? பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தொகையோடு. 14 நாள் அவகாசம். உங்கள் பக்கத்தையும் மறைக்காதீர்கள். செவ்வாய் காலையிலேயே முக்கத் தொடங்கியதா, மாலைவரை ஏன் காத்திருந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள், நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

தொகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 4,320 வெள்ளி முழுவதையும் கேட்க முடியாது. அடைப்பைக் கிளினிக் உண்டாக்கவில்லை. செவ்வாய் மாலையே கண்டுபிடித்திருந்தாலும் மயக்க மருந்து, கதீட்டர், சொட்டுநீர், ஓரிரு இரவுத் தங்கல் எல்லாம் தேவைப்பட்டிருக்கும். கதீட்டரைப் பொதுவாக ஒன்று இரண்டு நாள் உள்ளேயே விட்டுவைப்பார்கள். தாமதத்தால் கூடிய செலவு மட்டுமே உங்கள் கணக்கு. விவரப் பில்லை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், இசிஜி கண்காணிப்பு, சில மணிக்கொரு முறை எடுத்த ரத்தச் சோதனைகள் எல்லாம் பொட்டாசியம் ஏறியதற்கான சிகிச்சை. கால்சியம் இதயத்தைக் காக்கும், இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை விழாமல் பிடிக்கும். முன்பே பிடிபட்டிருந்தால் இவை தேவைப்படாமலே போயிருக்கலாம். நள்ளிரவுக் கட்டணம், மூன்றாவது இரவு, இவற்றின் மேல் வந்த 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். செவ்வாய்க்கிழமையின் 186 வெள்ளியைச் சேர்க்கலாம். வரும் தொகை 4,320-ஐவிடச் சிறியதாக இருக்கும், ஆனால் அதைக் காரணத்தோடு நிறுத்த முடியும். மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று எழுத வேண்டாம்; சட்டத்தின் கண்ணில் பூனை உங்கள் உடைமை, உங்கள் மூன்று தூக்கமில்லா இரவுக்கு அங்கே விலை கிடையாது. கசப்பான உண்மைதான்.

கிளினிக் மசியவில்லை என்றால் போகும் இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலையைத்தான் செய்யும். எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு எதிலும் பதில் வரவில்லை என்று நொந்துபோகிறவர்கள் அதிகம்.

தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் முதல் இயங்கும் ஏவிஎஸ், அதாவது விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுதான் சிங்கப்பூரில் விலங்கு மருத்துவர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் உரிமம் வழங்குகிறது. மருத்துவரின் நடத்தையும் தரமும் பற்றிய புகார் அங்கே போக வேண்டும். அவர்கள் விசாரிப்பார்கள், உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். உங்களுக்குப் பணம் வாங்கித்தர மாட்டார்கள், அது அவர்கள் வேலை அல்ல. இரண்டு கிளினிக்கின் குறிப்புகளையும் நேர வரிசையையும் இணைத்து அனுப்புங்கள், உணர்ச்சியைக் குறையுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: வீவக வீட்டில் இரண்டு பூனைவரை வளர்க்க அனுமதிக்கும் உரிமத் திட்டம் 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கியது, இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. மைக்ரோசிப்பும் உரிமமும் இன்னும் எடுக்கவில்லை என்றால் புகாருக்கு முன்னால் முடித்துவிடுங்கள், அதே அலுவலகம்தான் அதையும் பார்க்கிறது.

பணத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, அவர்களுக்கும் முடியாது. இணையத்திலேயே மனு செய்யலாம். முதலில் இணையவழிப் பேரம், பிறகு பதிவாளர் முன்னிலையில் கலந்தாய்வு, அதிலும் முடியாவிட்டால்தான் விசாரணை. கணிசமானவை கலந்தாய்விலேயே பாதிக்குப் பாதியாகச் சமரசமாகிவிடும், அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மனுவில் "நியாயமான கவனத்துடன் சேவை தரப்படவில்லை" என்பதுதான் உங்கள் வாதம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மனுதாரர். கணவர் பெயரில் பில் இருக்க நீங்கள் மனு செய்தால் அங்கேயே தடங்கல். எதிர்த்தரப்பின் பெயர் வாசலில் தொங்கும் பலகையில் உள்ளது அல்ல, பில்லின் அடியில் இருக்கும் நிறுவனப் பதிவுப் பெயரும் எண்ணும். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சரிபாருங்கள்.

பயனீட்டாளர் சங்கம் கேஸ், கட்டணத்தில் ஒளிவுமறைவு, சொல்லாமல் சேர்த்த வரிகள் போன்றவற்றுக்கு நல்ல வழி. உங்கள் வழக்கு அந்த வகை அல்ல. மருத்துவத் தவறா என்று அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் சார்பில் கடிதம் எழுத, பேச உதவுவார்கள், வேண்டுமென்றால் பயன்படுத்துங்கள்.

இணையத்தில் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் நேரமும் நடந்ததும் மட்டும் எழுதுங்கள். "செவ்வாய் 6.40க்குப் போனோம், புதன் 9.15க்கு இப்படிச் சொன்னார்கள், இரவு முழு அடைப்பு" என்பது உண்மை, நிரூபிக்கலாம். "கொலைகாரர்கள்" என்பது அவதூறு வழக்குக்கு அழைப்பு. மருத்துவரின் படத்தையோ கைப்பேசி எண்ணையோ அவரைத் துன்புறுத்தும் நோக்கில் போடுவது துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி 2020 தொடக்கத்திலிருந்து குற்றம். நீங்கள் போடாமல் உங்கள் தோழி போட்டாலும் அவருக்கு வம்புதான். நோய்க்குறிப்பு கைக்கு வரும்வரை எதையும் எழுதாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம்விட அவசரம் பூனை. ஒருமுறை அடைபட்ட பூனை மறுபடி அடைபடுவது சகஜம், கதீட்டர் எடுத்த முதல் சில நாளும் வாரங்களும் மோசமான காலம். கட்டியாகும் மணலைப் பயன்படுத்தி தினமும் கட்டிகளை எண்ணுங்கள். 5.2 கிலோ பூனை நாளொன்றுக்குத் தோராயமாக 125 முதல் 250 மில்லி சிறுநீர் கழிக்கும், அதாவது கைக்கு அடங்கும் இரண்டு முதல் நான்கு கட்டி. ஒரு நாள் திடீரென்று புளியங்கொட்டை அளவில் பத்துக் கட்டி இருந்தால் அது நல்ல செய்தி அல்ல.

தண்ணீர்தான் மருந்து. எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்தால் உங்கள் பூனைக்கு நாளுக்கு 260 மில்லி வேண்டும். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் நீர். 60 கிராம் உலர் உணவில் 6 மில்லி. 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட்டில் ஏறத்தாழ 65 மில்லி இருக்கும், மூன்று பாக்கெட் கொடுத்தால் 200 மில்லி கிட்ட வந்துவிடும். அதில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் கலந்துவிடுங்கள். திடீரென்று மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். பட்டினி கிடந்தால் பருமனான பூனையின் கல்லீரல் கெட்டுவிடும். சிறுநீருக்கான சிறப்பு உணவு எழுதிக்கொடுத்திருந்தால் அதிலும் ஈர வகை உண்டு, கேளுங்கள். சிறுநீர்க் குழாயின் தசையைத் தளர்த்தும் பிராசோசின் மாத்திரை தந்திருந்தால் அது மறு அடைப்பைத் தடுத்துவிடும் என்று நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். அண்மை ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.

பூனை எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வையுங்கள். மேல் வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்து காலை 9 மணி முதல் சுவரை இடித்துக்கொண்டிருந்தால் பூனையைச் சத்தம் குறைந்த அறையில், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியோடு விடுங்கள். இந்த நோய்க்கும் பதற்றத்துக்கும் இருக்கும் தொடர்பு கட்டுக்கதை அல்ல. இரண்டு மூன்று முறை அடைபட்டால் குழாயின் குறுகிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். முதல் முறைக்கே அதற்குப் போக வேண்டியதில்லை.

24 மணி நேர மருத்துவமனையின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள், நள்ளிரவில் பூனைக் கூடையோடு ஏறக் கிராப்பெட் (செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை வண்டி) கிடைக்காவிட்டால் யார் வண்டியில் போவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இனி எந்தக் கிளினிக்கை அழைத்தாலும் "உடம்பு சரியில்லை" என்று தொடங்காதீர்கள். "ஆண் பூனை, முன்பு அடைபட்டது, இத்தனை மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்க்க இப்போதே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.